கச்சான் காத்தடிக்கிற ஊரில ஆர்க்கிடெக்ட்டுக்கு என்ன வேலை?

வீட்டுக்குப் பிளான் கீறுற ஆர்க்கிடெக்ட்டுக்கு எப்பிடிக் காசு வருது எண்டு நிறையப் பேருக்குத் தெரியாது, அதில இருந்தே தொடங்குறன். கட்டுற செலவில இத்தனை வீதம் எண்டுதான் பெரும்பாலும் எங்கட பீஸ் கணக்கு. வீடு பெருத்தா பீஸ் கூடும், ரெண்டாம் தட்டு வந்தா கூடும், கண்ணாடியும் அலுமினியமும் மாபிளும் ஏற ஏறக் கூடும். ஒருத்தர் வந்து "பழசை உடைச்சுப்போட்டுப் புதுசாக் கட்டப்போறன்" எண்டு சொல்லேக்க, "உடைக்காதீங்க, கூரையைத் திருத்திப் பின்பக்கம் ஒரு அறை போட்டாப் போதும்" எண்டு நான் சொன்னா அந்த ஒரு வசனத்தோட எனக்கு வரவேண்டியதில முக்கால்வாசி போயிடும். காலநிலை மாற்றத்துக்கு எங்கட துறை என்ன செய்யலாம் எண்டு கூட்டம் வைச்சுப் பேசுற நேரமெல்லாம் சோலார் பனல் வரும், பச்சைச் சுவர் வரும், மழைநீர்த் தொட்டி வரும், இந்தப் பீஸ் கதை மட்டும் வராது. என்னைக் கேட்டா அதுதான் முதல்ல வரவேணும். எவ்வளவு கொங்கிரீட் ஊத்துறமோ அவ்வளவுக்குக் காசு வாங்குற ஆக்களா நாங்க இருக்கிற வரைக்கும், பசுமை எண்டு நாங்க சொல்றதைச் சனம் ஏன் நம்பவேணும்?

உலகக் கணக்கைச் சுருக்கமாச் சொல்லிட்டு, இலங்கையின்ட கிழக்குக் கரையில இருக்கிற எங்கட திருகோணமலைக்கு வாறன். ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டத்தின்ட அறிக்கைப்படி 2021ல எரிசக்தியாலயும் உற்பத்தியாலயும் வந்த காபனீரொட்சைட்டில கிட்டத்தட்ட 37 வீதம் கட்டடங்களோடயும் கட்டுமானத்தோடயும் சம்பந்தப்பட்டது. அதில கூடின பங்கு கட்டடத்துக்குள்ள எரியிற லைட்டும் ஏசியும் ஹீட்டரும், மிச்சம் சீமெந்து, கம்பி, கண்ணாடி செய்யிறதால வாறது. சீமெந்தை மட்டும் தனியா எடுத்தா உலகத்து மொத்தத்தில 7, 8 வீதம். சுண்ணாம்புக்கல்லை 1450 பாகைக்குக் கிட்டச் சுடுறாங்க, சூளையில எரிக்கிற நிலக்கரிப் புகை ஒரு பக்கம், அதை விடக் கூட அந்தக் கல்லுக்குள்ள இருந்தே காபனீரொட்சைட்டு கழண்டு வருது. சூளையைச் சூரிய சக்தியில ஓட்டினாலும் அந்த ரெண்டாவது நிக்காது.

திருகோணமலைக்காரருக்கு இது எங்கயோ நடக்கிற விசயம் இல்ல. சீனக்குடாப் பக்கம் எண்பதுகளில இருந்து டோக்கியோ சீமெந்து ஆலை இருக்கு, வெளிநாட்டில சுட்ட கிளிங்கர், அதாவது அரைச்சாச் சீமெந்தாகிற சுட்ட கட்டி, கப்பலில வந்து எங்கட துறைமுகத்தில இறங்கி, இங்க அரைபட்டு மூட்டையாகி நாடு முழுக்கப் போகுது. சுட்ட புகை வேற நாட்டுக் கணக்கில, சுவர் எங்கட ஊரில. 50 கிலோ மூட்டை ஒண்டுக்குப் பின்னால, சாம்பல் மாதிரி வேற பொருள் சேர்த்த கலப்புச் சீமெந்தா இல்லாட்டி, கிட்டத்தட்ட 40 கிலோ காபனீரொட்சைட்டு இருக்கு. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு நானூறு மூட்டை அளவில போகும் எண்டு மேசன்மாரே வாய்க்கணக்காச் சொல்லுவாங்க, பெருக்கிப் பாத்தா 16 தொன். இலங்கையில ஒராள் ஒரு வருசத்தில வெளியேத்துறது சராசரி ஒரு தொன்னுக்குக் கிட்டத்தான் வரும்.

இதைச் சொன்ன கையோட இன்னொண்டும் சொல்லவேணும், இல்லாட்டி அநியாயம். சண்டையில ரெண்டு தரம் இடம்பெயர்ந்து, தகரக் கொட்டிலில வருசக்கணக்கா இருந்து, கடைசியில ஒரு கல்வீடு கட்டுற சம்பூர்க் குடும்பத்திட்டப் போய் "உங்கட சீமெந்து பூமியைச் சுடுது" எண்டு சொல்ல எனக்கு வாய் வராது, வரவும் கூடாது. அந்த வீடு அவங்களுக்கு வேணும், நல்லா உறுதியா வேணும். இந்தக் கணக்கு எங்களைப் போல ஆக்களுக்கு, தேவையில்லாத பீமையும் தேவையில்லாத அறையையும் வடிவுக்காகக் கீறுற ஆக்களுக்கு, மூண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு ஏழு பாத்ரூம் கேட்டா "சரி சேர்" எண்டு தலையாட்டுற ஆக்களுக்கு.

இப்ப எங்கட ஊர்ச் சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லவேணும், ஏனெண்டா புத்தகத்தில படிச்ச கட்டடக்கலை இங்க அப்பிடியே ஒட்டாது. மே மாசத்தில இருந்து செப்டெம்பர் மட்டும் கச்சான் எண்ட தென்மேற்குக் காத்து அடிக்கும். தென்மேற்கில மழையைக் கொட்டிட்டு மலைநாட்டைத் தாண்டி வாற காத்து இந்தப் பக்கம் இறங்கேக்க ஈரமெல்லாம் போய்க் காய்ஞ்சு சூடாத்தான் வரும். கொழும்பில குடை பிடிக்கிற மாசத்தில எங்கட முத்தத்தில காயப்போட்ட உடுப்பு அரை மணித்தியாலத்தில மொறுமொறுக்கும். காத்தடிக்குதே, ஜன்னலைத் திறந்தாக் குளிரும் எண்டு வெளியூர் ஆக்கள் நினைப்பாங்க, மத்தியானத்தில கச்சான் பக்கம் ஜன்னலைத் திறந்தா அடுப்படியில முகத்தைக் குடுத்த மாதிரித்தான் இருக்கும். எங்கட ஆச்சிமார் பதினொரு மணிக்கு மேற்குப் பக்கக் கதவைச் சாத்தி, பின்னேரம் கடற்காத்து எழும்பினாப் பிறகு கிழக்குப் பக்கம் திறந்து விடுவாங்க. எந்த நேரமும் குறுக்குக் காத்தோட்டம் வேணும் எண்டு படிச்சிட்டு வந்த நாங்க மேற்கில பெரிய கண்ணாடி ஜன்னல் வைக்கிறம்.

வெயில் விசயமும் இப்பிடித்தான். வடக்குப் பக்கம் குளிர்ச்சியான பக்கம், அங்க எவ்வளவு பெரிய ஜன்னலும் வைக்கலாம் எண்டு பொதுவாச் சொல்லுவாங்க. திருகோணமலை பூமத்தியரேகைக்கு மேல எட்டரைப் பாகையில இருக்கு. சித்திரை வருசப்பிறப்பை ஒட்டி மத்தியானச் சூரியன் நேர உச்சியில நிக்கும், அதுக்குப் பிறகு ஓகஸ்ட் கடைசி மட்டும் எங்களுக்கு வடக்காலதான் போகும். கச்சான் அடிக்கிற அதே மாசங்களில வடக்குச் சுவரில வெயில் விழும், முக்கியமா காலையிலயும் பின்னேரத்திலயும் சரிஞ்சு உள்ளுக்கே வரும். அப்ப வடக்குக்கும் தாவாரம் வேணும், நல்லா நீட்டி. இதுக்குப் பெரிய படிப்பு ஒண்டும் வேணாம், ஒரு தடியை முத்தத்தில நட்டு யூன் மாசம் நிழல் எந்தப் பக்கம் விழுது எண்டு பாத்தாக் காணும். ஆனா எங்கட ஊரில பாஸ் ஆகுற பிளான் அடுக்கில பாத்தீங்க எண்டா ஒரே பிளானைத் தெற்குப் பாத்த காணிக்கும் மேற்குப் பாத்த காணிக்கும் அப்பிடியே திருப்பி வைச்சிருப்பாங்க, வாசல் எந்தப் பக்கம் எண்டதை வாஸ்து சொல்லும், வெயில் எந்தப் பக்கம் எண்டதைக் கேக்க ஆளில்ல.

பிறகு சிலாப், அதான் தட்டையான கொங்கிரீட் கூரை. இப்ப ஊரில ஆர் வீடு கட்டினாலும் மேல சிலாப் போடத்தான் விருப்பம், இன்னொரு தட்டு பிறகு கட்டலாம் எண்ட நினைப்பு, சூறாவளிக்குப் பறக்காது எண்ட நம்பிக்கை, அதோட சிலாப் வீடு எண்டாத்தான் மதிப்பு. சூறாவளிப் பயம் நியாயமானது. 1978 நவம்பர்ல மட்டக்களப்பை அடிச்ச புயலை இன்னும் சனம் கதைக்குது, 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி திருகோணமலைக்கு வடக்காலதான் கரை ஏறிச்சு. ஆனா மேல தட்டும் இல்லாம, நிழலும் இல்லாம வெறும் சிலாப் வெயிலைக் குடிச்சுக்கொண்டு கிடந்தா, மத்தியானத்துச் சூடு சில மணித்தியாலம் பிந்தி, சரியா நாங்க படுக்கப் போற நேரம் கீழ இறங்கும். இரவு ஒம்பது மணிக்கு அந்த அறையில கட்டிலுக்கு மேல ஏறி நிண்டு சிலாப்பின்ட அடியைத் தொட்டுப் பாருங்க, இன்னும் சூடாத்தான் இருக்கும். பேன் அந்தச் சூட்டைத்தான் கீழ அடிக்குது. பிறகு ஏசி பூட்டுவாங்க, கரண்ட் பில் ஏறும், ஏசியின்ட வெளிப்பெட்டி பக்கத்து வீட்டு ஜன்னலுக்குச் சூட்டை ஊதும், அடுத்த வருசம் பக்கத்து வீட்டுக்காரரும் பூட்டுவார்.

2022 மார்ச் கடைசியில நாட்டில 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின நாட்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கட துறைக்கு அது ஒரு பரீட்சை மாதிரி நடந்தது, ஆனா அதின்ட முடிவை நாங்க ஆரும் எழுதி வைக்கேல்ல. உவர்மலையிலயும் பெரியகடைப் பக்கத்துப் பழைய வீதியளிலயும் ஓட்டுக்கூரை போட்ட உயரமான வீடுகளில சனம் உள்ளுக்குப் படுத்துது. அதுக்குக் கிட்டக் கோடிக்கணக்கில செலவழிச்ச வீட்டுக்காரர் பாயை எடுத்துக்கொண்டு போட்டிக்கோவுக்கு வந்து கார் பக்கத்தில படுத்தாங்க. குழந்தைக்கு விசிறிக்கொண்டே விடியிற மட்டும் இருந்த தாய்மாரை எனக்குத் தெரியும். கரண்ட் இல்லாத ஒரு இரவில ஒரு பிள்ளை நித்திரை கொள்ளக்கூடிய அறையா, இல்லையா? எந்த வீட்டைப் பாத்தாலும் இப்ப நான் கேக்கிற முதல் கேள்வி இதுதான். வடிவு, ஸ்டைல், படம் எடுத்துப் போடுறதெல்லாம் அதுக்குப் பிறகு.

இந்த இடத்தில எங்கட பெரியாக்களைப் பற்றியும் கதைக்கவேணும். ஜெஃப்ரி பாவா எண்டா இலங்கையில ஆர்க்கிடெக்சர் படிக்கிற எல்லாருக்கும் ஒரு பக்திதான், எனக்கும் அந்த மரியாதை இருக்கு, அவர் கீறி 1994ல திறந்த கண்டலம ஹோட்டலில மலையும் கொடியும் கட்டடமும் ஒண்டோட ஒண்டு கலந்து நிக்கிறதைப் பாத்து நிண்டிருக்கிறன். ஆனா அந்தத் திறந்த விறாந்தையும் சுவரில்லாத ஹோலும் ஹோட்டலுக்கும் வசதியான ஆக்களுக்கும் சரிவரும், காவலாளி இருப்பார், நுளம்புக்குப் புகை போட ஆள் இருக்கும். எங்கட ஊர் வீட்டில ஆறு மணியானா ஜன்னலைச் சாத்துவாங்க. முதல் காரணம் நுளம்பு, டெங்கு வந்து பிள்ளையை ஆஸ்பத்திரியில வைச்ச வீட்டில திறந்த வாழ்க்கை பற்றிக் கதைக்கேலாது. ரெண்டாவது சண்டைக் காலத்துப் பழக்கம், இருட்டினா லைட்டைக் குறை, ஜன்னலைப் பூட்டு எண்டு வளந்த ஒரு தலைமுறையே இருக்கு, சண்டை முடிஞ்சும் கை தானாப் போய்க் கொண்டியைப் போடும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பெண்களுக்கு மறைவு வேணும், ரோட்டுப் பக்கம் தாழ்ந்த ஜன்னல் வைச்சா அது எப்பவும் திரை போட்டே கிடக்கும். இதெல்லாம் தெரியாமக் 'காத்தோட்டமான வீடு' எண்டு கீறிக் குடுத்தா அது கடுதாசியில மட்டும்தான் காத்தோட்டம். உண்மையா வேலை செய்யிறது எது எண்டா சுவரின்ட மேல் உயரத்தில, ஆள் எட்டாத இடத்தில, நுளம்பு வலை அடிச்ச நீளமான திறப்பு, இரவு முழுக்கச் சாத்தத் தேவையில்லாதது, அதுக்கு மேல மழை அடிக்காம ஒரு சின்னச் சிலாப் மறைப்பு. பாக்க ஒண்டுமில்ல, எந்தச் சஞ்சிகையிலயும் வராது, ஆனா சூடு அதுக்குள்ளாலதான் வெளியில போகும்.

பாவாவை விட என்ர மனசுக்குக் கிட்ட நிக்கிறவ மினெட் டி சில்வா எண்ட ஆர்க்கிடெக்ட். 1958ல கண்டி வட்டபுளுவ வீட்டுத்திட்டத்தைச் செய்யேக்க, அங்க இருக்கப்போற அரசாங்க உத்தியோகத்தர் குடும்பங்களிட்டக் கேள்வித்தாள் குடுத்து எப்பிடிச் சமைப்பீங்க, எத்தனை பேர், என்ன பழக்கம் எண்டு கேட்டுப் பிறகுதான் பிளான் கீறினவ. எங்கட சுனாமி வீட்டுத்திட்டங்களைக் கீறினவங்க அதில பாதியைக் கேட்டிருந்தாக் கூட எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். 2004க்குப் பிறகு வடக்குக் கிழக்கில கடலில இருந்து 200 மீற்றருக்குள்ள கட்டக் கூடாது எண்டாங்க, தெற்கில அது 100 மீற்றர், பிறகு அதையும் மாத்தினாங்க. கடற்றொழில் குடும்பங்களை உள்ளுக்குக் கொண்டுபோய் வைச்சாங்க, வலை வைக்க இடமில்ல, விறகடுப்புக்குப் புகைபோக்கி இல்ல, கூரைக்கு அஸ்பெஸ்டோஸ் சீட். ஆறு மாசத்துக்குள்ள வீட்டுக்குப் பின்னால தென்னோலைக் கிடுகிலயும் தகரத்திலயும் ஒரு குசினி முளைச்சுது, கட்டிக் குடுத்த குசினி சாமான் அறையாப் போச்சு. அந்தக் கிடுகுக் கொட்டில்தான் அந்தக் காணியிலயே குளிர்ச்சியான இடம், மத்தியானம் எல்லாரும் அதுக்குள்ளதான் இருப்பாங்க.

2016ல வடக்குக் கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு, ஒண்டு 21 லட்சம் ரூபாய்க்குக் கிட்ட எண்டு ஒரு திட்டம் வந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தில ஒரு குடும்பத்துக்கு அஞ்சரை லட்சம் குடுத்து அவங்களே கட்டின காலம் அது. இரும்பு வீடு சூடு, உள்ளூர் மேசன்மாருக்கு வேலை இல்ல, பிறகு ஒரு அறை கூட்டிக் கட்டேலாது எண்டு பொறியியல் படிப்பிக்கிறவங்களும் ஊர்ச் சனமும் எதிர்த்துக் கதைச்சாங்க, அந்தத் திட்டம் நினைச்ச அளவில நடக்கேல்ல. அந்த நேரம் ஆர்க்கிடெக்ட்மாரிட்ட இருந்து இன்னும் பெரிய சத்தம் வந்திருக்கவேணும் எண்டு நான் இப்பவும் நினைக்கிறன். ஒரு கட்டடத்தை வேணாம் எண்டு சொல்றதும் எங்கட தொழில்தான்.

வேணாம் எண்டு சொல்றது லேசில்ல, அது இங்க மட்டும் உள்ள பிரச்சினையும் இல்ல. 2019ல இங்கிலாந்தில ஸ்டேர்லிங் எண்ட கட்டடக்கலைப் பரிசு எடுத்த ஆர்க்கிடெக்ட்மார் சேர்ந்து காலநிலை அவசரநிலை எண்டு ஒரு அறிக்கை விட்டாங்க, பிறகு வேற நாட்டுக்காரரும் சேர்ந்தாங்க. 2020 டிசம்பர்ல நோர்மன் ஃபொஸ்டரின்ட நிறுவனமும் சஹா ஹடிட் நிறுவனமும் அதில இருந்து விலகிச்சு, விமான நிலையம் கட்டலாமா கூடாதா எண்டதில வந்த பிணக்கு. எனக்கு அந்தச் சண்டை பிடிச்சுது, ஏனெண்டா அப்பதான் கேள்வி வெளிய வந்துது, நீங்க எதைச் செய்ய மாட்டீங்க? எங்கட ஊரில விமான நிலையம் கீறச் சொல்லி ஒருத்தரும் வாறதில்ல. வாறது என்னெண்டா, களப்பு ஓரத்தில கண்டல் மரம் நிக்கிற பள்ளக் காணியை வாங்கி, கிரவல் அடிச்சு நிரப்பி, அதில கடையோ ரெஸ்டோரண்டோ ஹோட்டலோ. நிரப்பினவர் காணி உயரும், மழைத் தண்ணி அடுத்த வீட்டுக்குப் போகும். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயலில நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்துது, மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கமெல்லாம் வெள்ளம். தண்ணி போற பாதையில கட்டினா என்ன நடக்கும் எண்டதை இதுக்கு மேல ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. அப்பிடியான காணிக்கு நாங்க கீறுறதில்ல எண்டு நானும் கூட வேலை செய்யிற ரெண்டு பேரும் முடிவெடுத்திருக்கிறம். "நீங்க கீறாட்டி வேற ஆள் கீறுவார்" எண்டு சொல்லுவாங்க, உண்மைதான், கீறுவார். அதால கதவைச் சாத்திட்டு இருக்காம வாறவரை இருத்தி, தேத்தண்ணி குடுத்து, தண்ணி எங்கால வந்து எங்கால போகுது எண்டு காணியில நிண்டு காட்டிக் கதைக்கிறம். சிலர் கேக்கிறாங்க. கொஞ்சப் பேர் தூண் வைச்சு உயர்த்திக் கட்ட, நிரப்பாம விடச் சம்மதிச்சிருக்கிறாங்க.

பாகிஸ்தானில யாஸ்மீன் லாரி எண்டு ஒரு அம்மா இருக்கிறா, அந்த நாட்டின்ட முதல் பெண் ஆர்க்கிடெக்ட் எண்டு சொல்லுவாங்க. கராச்சியில எண்ணெய்க் கம்பனிக்குக் கண்ணாடிக் கட்டடமெல்லாம் செய்தவ, 2000ல அந்த மாதிரித் தொழிலை விட்டா. 2005 நிலநடுக்கத்துக்குப் பிறகு மண், சுண்ணாம்பு, மூங்கில் மூண்டையும் வைச்சுச் சனமே கட்டக்கூடிய வீடுகளைப் பழக்கத் தொடங்கி, சிந்து மாகாண வெள்ளங்களுக்குப் பிறகும் அதையே செய்தா. 2023ல பிரித்தானிய ஆர்க்கிடெக்ட் சங்கத்தின்ட தங்கப் பதக்கம் அவவுக்குக் கிடைச்சுது. பதக்கத்தை விட எனக்குப் பெரிசாத் தெரியிறது அவ வீடு கட்டிக் குடுக்கேல்ல, கட்டப் பழக்கினா எண்டது. எங்கட ஊரில நூறு வீடு கட்டினா ஆர்க்கிடெக்ட் தொட்டது ஒண்டோ ரெண்டோ, மிச்சமெல்லாம் பிளான் கீறுற தம்பிமாரும் மேசன்மாரும் செய்யிறது. காலநிலைக்கு ஏத்த கட்டடம் எண்டு நாங்க அந்த ஒண்டு ரெண்டில நிண்டு கஷ்டப்பட்டு என்ன, மிச்சத்தில என்ன நடக்குது எண்டதுதான் ஊரின்ட சூட்டைத் தீர்மானிக்கும்.

அதால போயா லீவு நாட்களில மேசன்மாரோட இருந்து கதைக்கத் தொடங்கினம். அவங்களிட்டப் போய் வகுப்பு எடுக்கேலாது, அவங்களுக்குத் தெரிஞ்சது கன விசயம். மூதூரில ஒரு வயசான மேசன் ஐயா, சின்ன வயசில சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்தவர், நான் சுண்ணாம்பைப் பற்றிப் பெரிசாச் சொல்லிக்கொண்டு போக, "பிள்ளை, நல்லதுதான், ஆனா சுண்ணாம்பு காய நாள் எடுக்கும், அந்த நாளுக்குக் கூலி ஆர் குடுப்பாங்க?" எண்டு கேட்டார். அவர் கேட்டதுதான் முழுப் பிரச்சினையும். சீமெந்து மலிவானதால மட்டும் வெல்லேல்ல, அது நேரத்தை மிச்சம் பிடிக்குது, கூலி ஏறின காலத்தில நேரம்தான் காசு. 2022ல மூட்டை மூவாயிரம் ரூபாய்க்குக் கிட்டப் போனப்பக் கூட ஆக்கள் வீட்டைச் சின்னனாக்கினாங்களே தவிர வேற பொருளுக்குப் போகேல்ல.

எண்டபடியா நாங்க இப்ப மேசன்மாரோட கதைக்கிறது சீமெந்தை விடுறது பற்றி இல்ல, போடுற கொங்கிரீட் கனகாலம் நிக்கிறது பற்றி. திருக்கடலூர், மனையாவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட உள்ள வீடுகளில போய் அண்ணாந்து பாருங்க, இருபது வருசம் கூட ஆகாத சிலாப்பில பூச்சு கொட்டிக் கம்பி சிவப்பா வெளியில தெரியும். உப்புக் காத்து, கழுவாத மணல், அதோட கம்பிக்கும் சிலாப்பின்ட வெளிப்பக்கத்துக்கும் நடுவில இருக்கவேண்டிய கொங்கிரீட் தடிப்பு இல்ல. தட்டுப் பலகைக்கு மேல கம்பியை வைச்சுட்டு, தூக்கி விட ஒரு சின்னக் கல்லு கூட வைக்காம ஊத்திடுவாங்க, சில இடத்தில கம்பி பலகையிலயே முட்டிக்கொண்டு கிடக்கும். அந்த இடைவெளியை ஒழுங்கா விட்டு, மணலை நல்ல தண்ணியில கழுவி, ஊத்தின பிறகு ஏழு நாளாவது விடாம நனைச்சா அதே மூட்டைச் சீமெந்தில வீடு எவ்வளவோ கூடக் காலம் நிக்கும். ரெண்டாவது வீடு கட்டத் தேவையில்லாமப் போற அந்தப் புகைதான் எங்கட ஊரில லேசாக் குறைக்கக்கூடிய புகை எண்டு நான் நம்புறன். இதோட சிலாப்புக்கு மேல வெள்ளை பூசுறது, முடிஞ்சா ஓலையோ சீட்டோ போட்டு நிழல் குடுக்கிறது. அகமதாபாத்தில 2010 வெயிலில சனம் செத்த பிறகு 2013ல வெப்பத்துக்கெண்டு ஒரு திட்டம் கொண்டுவந்து, பிறகு ஏழை வீடுகளின்ட கூரைக்கு வெள்ளை பூசினாங்க. செலவு குறைஞ்ச வேலை, உடன தெரியும்.

கேரளாவில லோரி பேக்கர் சிலாப்புக்கு அடிப்பக்கத்தில பழைய கூரை ஓடுகளை வைச்சு, அந்த இடத்துக்குக் கொங்கிரீட்டைக் குறைச்சார், கீழ் பாதிக் கொங்கிரீட் பெரிசாப் பாரம் தாங்கிறதில்ல எண்டதால அது சரிவரும். எங்கட ஊரில ஓட்டைக் கழட்டிச் சீட் போடுற வீடுகளுக்குப் பின்னால, கிணத்தடியில பாசி பிடிச்சு அந்த ஓடு அடுக்கடுக்காக் கிடக்கு. ஒரு என்ஜினியரைக் கூட வைச்சுக்கொண்டு அதைப் பாவிச்சு ஒரு சிலாப் ஊத்திப் பாக்கிற யோசனை இருக்கு, ஒரு வீட்டுக்காரர் சம்மதிச்சிருக்கிறார்.

கிழக்கில இன்னொரு விசயம், பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு குடுக்கிறது. தமிழாக்களா இருந்தாலும் முஸ்லிம் ஆக்களா இருந்தாலும், மகளுக்கு வீடு இல்லாமக் கலியாணம் பேசுறது கஷ்டம். ரெண்டு மகள் எண்டா ரெண்டு வீடு, மூண்டெண்டா வாப்பா சவூதியில இன்னும் பத்து வருசம். இதைப் பற்றி ஆயிரம் சொல்லலாம், நான் ஆர்க்கிடெக்ட்டா நிண்டு பாக்கிறது ஒண்டுதான், ஒவ்வொரு வீடும் முழு வீடா, பெரிய வீடா, பத்து வருசத்துக்குப் பிறகு வரப்போற தேவைக்கு இப்பவே கட்டப்படுது, பாதி அறை பூட்டியே கிடக்கும். பெரிய வீட்டை ரெண்டாப் பிரிச்சு, ரெண்டு வாசல், ரெண்டு குசினி, நடுவில ஒரு முத்தம் எண்டு ரெண்டு மகளுக்கும் குடுக்கலாம். சின்னனாத் தொடங்கி, பிறகு கூட்டிக் கட்டுற இடத்தை அத்திவாரத்திலயே விட்டு வைக்கலாம். கிண்ணியாவில ஒரு உம்மா இந்த யோசனையைக் கேட்டிட்டு, "மகள், ரெண்டு காணி உறுதி எழுதலாமா?" எண்டுதான் முதல் கேட்டா. சரியான கேள்வி, உறுதி பிரியாட்டி மாப்பிள்ளை வீட்டில ஒத்துக்கொள்ள மாட்டாங்க. அப்ப நாங்க சட்டத்தரணியோடயும் நில அளவையாளரோடயும் இருந்து வேலை செய்யவேணும், பிளானுக்கு முதலே.

டைக் வீதிப் பக்கம் ஒரு பழைய வீடு, கனடாவில இருக்கிற மகன் உடைச்சுப்போட்டு ரெண்டு தட்டு கட்டக் கேட்டு வந்தார், படமும் கொண்டு வந்தார். கூரைக்கு மேல ஏறிப் பாத்தம், கைமரங்களில கொஞ்சம்தான் கறையான் பிடிச்சது, வளையெல்லாம் இரும்பு மாதிரி. தாய்க்கு வேண்டியிருந்தது கட்டிலுக்குக் கிட்ட ஒரு பாத்ரூம், பிடிச்சு எழும்ப ஒரு கைபிடி, ஜன்னலுக்கு நுளம்பு வலை, மழைக்கு முத்தத்துத் தண்ணி உள்ளுக்கு வராம இருக்கிறது. ரோட்டைத் தார்க் காபட் போட்டுப் போட்டு உயர்த்தினதால வீடு பள்ளமாப் போயிருந்தது, அதுக்குத் தண்ணி ஓட ஒரு கானும் வாசலில ஒரு தடுப்பும். எல்லாத்தையும் எழுதி, என்ன செலவு, கட்டாம விட்டா என்ன மிச்சம் எண்டு காட்டி அனுப்பினம், அந்த எழுத்துக்கெண்டு தனியா ஒரு தொகை கேட்டம். மகன் முதல்ல யோசிச்சார், "தங்கச்சி, வீடு கட்டாததுக்கும் காசா?" எண்டு கேட்டார், பிறகு குடுத்தார். இப்ப அப்பிடியான வேலைக்கு வீதக் கணக்கை விட்டு, பாக்கிற நேரத்துக்கும் எழுதிக் குடுக்கிறதுக்கும் ஒரு நிலையான தொகை எண்டு வைச்சிருக்கிறம். ஒபிஸ் இதில மட்டும் ஓடாது, உண்மை. ஆனா இளம் ஆர்க்கிடெக்ட்மார் கேட்டா நான் சொல்றது, ஆர்க்கிடெக்ட் சங்கத்திட்டயும் சபையிட்டயும் நாங்க கேக்கவேண்டிய முதல் மாற்றம் இதுதான், திருத்துறதுக்கும் வேணாம் எண்டு சொல்றதுக்கும் ஒரு மரியாதையான பீஸ். படிப்பிலயும் அப்பிடித்தான், கடைசி வருச புரொஜெக்ட்டுக்கு எல்லாரும் மியூசியமும் ரிசோர்ட்டும் செய்யிறாங்க, பழைய சுனாமி வீட்டுத்திட்டம் ஒண்டை எடுத்து அதைச் சூடில்லாம ஆக்கிக் காட்டுற பிள்ளைக்கு அதே புள்ளி கிடைக்கவேணும்.

இந்தக் கச்சானுக்கு ஒரு வேலை தொடங்கப்போறம். சின்ன வெப்பமானியளை வீடுகளுக்குள்ள வைச்சு, இரவும் பகலும் என்ன சூடு எண்டு எழுதப்போறம், சிலாப், அஸ்பெஸ்டோஸ், தகரம், ஓடு, கிடுகு எண்டு எல்லா வகைக் கூரையிலயும், வெள்ளை பூசினதிலயும் பூசாததிலயும். ஊரில அளந்த கணக்கு கையில இருந்தா மேசன்மாரிட்டயும் சபையிலயும் கதைக்கிறது வேற மாதிரி இருக்கும். ஓடும் சிலாப்பும் கிடைச்சிட்டுது, சுனாமி வீட்டுத்திட்ட வீடும் இரும்புத் தகரக் கூரை வீடும் இன்னும் தேவை, நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியாப் பக்கம் எண்டா இன்னும் நல்லது. ஒரு கைப்பிடிக்குள்ள அடங்கிற சாமான், கரண்ட் வேணாம், சத்தம் இல்ல, படுக்கிற அறைச் சுவரில மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும் தொங்க விட்டாக் காணும். விருப்பமான ஆக்கள் சொல்லுங்க, வந்து பூட்டித் தாறம்.